கம்பெனி தரும் கேரியர் கோச்சிடம் வீட்டுக் கவலையைச் சொல்லலாமா?

ஐ.டி. நிறுவனங்களும் பன்னாட்டு வங்கிகளின் சென்னை, பெங்களூர் அலுவலகங்களும் ஊழியர்களுக்குத் தரும் சலுகைகளில், மருத்துவக் காப்பீட்டோடு இப்போது, வேலை வளர்ச்சி பற்றிப் பேசி வழிகாட்டும் கேரியர் கோச்சும் சேர்ந்திருக்கிறார். ஹெச்.ஆரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். லிங்க்கை அழுத்தினால் புகைப்படத்தோடு சில கோச்சுகளின் பட்டியல். பிடித்தவரைத் தேர்ந்தெடுத்து நேரம் குறிக்க வேண்டியதுதான். மின்னஞ்சலின் கடைசியில் "உங்கள் உரையாடல் முற்றிலும் ரகசியமாக வைக்கப்படும்" என்று ஒரு வரி இருக்கும்.

குழப்பம் அந்த வரியில்தான் தொடங்குகிறது. முதல் அமர்வில் பதவி உயர்வு, அப்ரைசல், அடுத்த ஐந்து ஆண்டுத் திட்டம் என்று பேச்சு ஓடும். இரண்டாவது, மூன்றாவது அமர்வில் கோச் ஒரு நல்ல கேள்வி கேட்பார்: "கொஞ்ச நாளா உங்க வேகம் குறைஞ்சிருக்குன்னு நீங்களே சொல்றீங்களே, அதுக்கு என்ன காரணம்?" உண்மையான காரணம் அப்பாவின் டயாலிசிஸாக இருக்கலாம், குடும்பநல நீதிமன்றத்தில் நடக்கும் வழக்காக இருக்கலாம், மாதக்கணக்கில் தூக்கம் வராததாக இருக்கலாம். பொறுமையாகக் கேட்க ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது மனசு திறந்துகொள்வது இயல்பு. சொன்னது எங்கே போகும் என்ற கவலை அன்று இரவுதான் வரும்.

கோச் நம்பகமானவரா என்று யோசிப்பதில் பெரும்பாலும் பயனில்லை. பெரும்பாலானவர்கள் நல்லவர்கள்தான். அவர் எந்த ஒப்பந்தத்தின் கீழ் உட்கார்ந்திருக்கிறார், எந்தச் சட்டம் அவரைக் கட்டுப்படுத்துகிறது, நம் பேச்சின் பதிவு யாருடைய கம்ப்யூட்டரில் தங்குகிறது என்பவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

எதிரே இருப்பவர் யார்?

அலுவலகத்தில் "பேச ஒரு ஆள்" என்று தரப்படுபவர்கள் ஒரே வகை அல்ல. பெயர்கள் கலந்து புழங்குவதால், முதலில் பிரித்துக்கொள்வோம்.

1. உள் கோச். அதே நிறுவனத்தின் ஊழியர். ஹெச்.ஆர். அல்லது பயிற்சிப் பிரிவில் இருப்பார். சில இடங்களில் வேறு பிரிவின் மூத்த மேலாளரே இந்த வேலையையும் பார்ப்பார்.

2. வெளி கோச். தனியாகவோ ஒரு கோச்சிங் நிறுவனம் வழியாகவோ வருபவர். கட்டணம் உங்கள் நிறுவனத்தினுடையது. செயலி வழியாக கோச்சிங் தரும் தளங்களும் இதில் அடக்கம். சான் பிரான்சிஸ்கோவின் பெட்டர்அப், பெர்லினின் கோச்ஹப் போன்றவை நிறுவனங்களுக்கு மொத்தமாகச் சந்தா விற்பவை.

3. ஊழியர் உதவித் திட்ட ஆலோசகர். ஈ.ஏ.பி. என்ற பெயரில் வரும் மனநல ஆலோசனை. குடும்பம், துக்கம், குடிப்பழக்கம், பதற்றம் போன்றவற்றைப் பேசுவதற்கென்றே அமைந்த வழி இது. கோச்சிங் இதிலிருந்து வேறு.

4. மென்டார். அனுபவத்தைப் பகிரும் மூத்தவர். எந்த ஒப்பந்தமும் இல்லாத உறவு.

கோச்சும் மனநல ஆலோசகரும் உட்காரும் தோரணையும் கேட்கும் கேள்விகளும் ஒரே மாதிரி தெரியும். சட்டத்தின் கண்ணில் இருவரும் வேறு வேறு. இந்தியாவில் கோச் ஆக எந்த அரசு உரிமமும் தேவையில்லை. அமெரிக்காவிலும் அப்படித்தான். வார இறுதி வகுப்பு ஒன்றை முடித்தவரும் இருபது வருட அனுபவம் உள்ளவரும் அதே பெயரைப் போட்டுக்கொள்ளலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் அப்படிப் பெயர் போட்டுக்கொள்ள முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பு வேண்டும்.

பேசுபவர் ஒருவர், பணம் தருபவர் இன்னொருவர்

1995இல் தொடங்கப்பட்ட இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன், சுருக்கமாக ஐ.சி.எஃப்., இந்தத் தொழிலில் பரவலாக மதிக்கப்படும் அமைப்பு. அதன் நெறிமுறை இரண்டு பேரைத் தெளிவாகப் பிரிக்கிறது. ஒருவர் கோச்சிங் பெறுபவர். இன்னொருவர் கோச்சிங்குக்குப் பணம் தந்து ஏற்பாடு செய்பவர். உங்கள் விஷயத்தில் இந்த இரண்டாமவர் உங்கள் நிறுவனம். எந்தத் தகவல் யாருக்குப் போகும் என்று மூன்று தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும் என்கிறது நெறிமுறை. சட்டவிரோதச் செயல், நீதிமன்ற ஆணை, தனக்கோ பிறருக்கோ ஆபத்து ஆகியவை வந்தால் ரகசியத்துக்கு விலக்கு உண்டு என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கல்யாணத் தரகர் இரண்டு வீட்டுக்கும் வேண்டியவர்தான். ஆனாலும் கமிஷன் ஒரு வீட்டிலிருந்து மட்டும் வருகிறது என்றால், பேச்சு எந்தப் பக்கம் லேசாகச் சாயும் என்று ஊருக்குத் தெரியும். கோச் உங்களைக் காட்டிக்கொடுப்பார் என்பதல்ல இதற்குப் பொருள். அடுத்த ஆண்டும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய ஆள், "இந்தத் திட்டத்தால் எங்களுக்கு என்ன பயன்?" என்ற ஹெச்.ஆரின் கேள்விக்கு ஏதாவது பதில் வைத்திருந்தாக வேண்டும். அந்தப் பதிலின் மூலப்பொருள் உங்களைப் போன்றவர்களின் அமர்வுகள்.

நெறிமுறையின் பலத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மீறினால் ஐ.சி.எஃப். தன் உறுப்பினர் மீது நடவடிக்கை எடுக்கலாம், சான்றிதழைப் பறிக்கலாம். கோச் அதில் உறுப்பினரே இல்லையென்றால் அதுவும் இல்லை.

சட்டம் எவ்வளவு தூரம் துணைக்கு வரும்?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்த்த ஜாஃபி எதிர் ரெட்மண்ட் வழக்கு இதைப் புரிந்துகொள்ள மிகவும் உதவும். இல்லினாய் மாநிலத்தில் ஒரு பெண் காவலர் பணியில் இருந்தபோது ஒருவரைச் சுட்டுக்கொன்றார். அதன் பாதிப்பிலிருந்து மீள, உரிமம் பெற்ற சமூகப் பணியாளர் ஒருவரிடம் சுமார் 50 முறை ஆலோசனை பெற்றார். அந்த ஆலோசகர் காவலர் வேலை பார்த்த அதே ஊர் நிர்வாகத்தின் ஊழியர். அதாவது முதலாளி ஏற்பாட்டில் கிடைத்த ஆலோசகர். இறந்தவரின் குடும்பம் நஷ்டஈட்டு வழக்குப் போட்டு, அந்த அமர்வுகளின் குறிப்புகளைக் கேட்டது. காவலரும் ஆலோசகரும் தர மறுத்தார்கள். கடைசியில் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் காவலர் பக்கம் நின்றது. உரிமம் பெற்ற மனநல ஆலோசகரிடம் பேசியதை வெளியிடச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்றது.

அங்கே காப்பாற்றியது ஆலோசகரின் உரிமம். சம்பளம் முதலாளியிடமிருந்து வந்தது ஒரு குறையாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. ஆலோசகர் இடத்தில் உரிமம் இல்லாத ஒரு கேரியர் கோச் இருந்திருந்தால் அந்தத் தீர்ப்பின் பாதுகாப்பை அவர் கேட்டிருக்க முடியாது. மனநல சிகிச்சைக்குக் கிடைக்கும் ரகசியப் பாதுகாப்பு கோச்சிங்குக்குத் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது.

இந்தியாவுக்கு வருவோம். இங்கே மூன்று சட்டங்களைப் பார்க்க வேண்டும்.

1. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. மனநோய் உள்ளவர் தன் மனநலம், சிகிச்சை பற்றிய தகவல்கள் ரகசியமாக இருக்கக் கோரும் உரிமையை இதன் 23ஆம் பிரிவு தருகிறது. சிகிச்சை தரும் மருத்துவத் தொழில்முறையாளர்களுக்கு அந்தக் கடமை உண்டு. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற விலக்குகளையும் பிரிவே பட்டியலிடுகிறது. கேரியர் கோச் இந்த வட்டத்துக்குள் வரமாட்டார்.

2. பாரதிய சாக்ஷ்ய அதினியம், 2023. பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பது. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதற்கும், கணவன் மனைவிக்கு இடையிலான பேச்சுக்கும் இது காப்பு தருகிறது. மருத்துவருக்கே இதில் தனிக் காப்பு கிடையாது. கோச்சைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். விவாகரத்து வழக்கிலோ வேலை நீக்க வழக்கிலோ சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டால் "அது ரகசியம்" என்று சொல்லி அவர் ஒதுங்க முடியாது.

3. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. பலர் இதைத்தான் பெரிய கேடயமாக நினைக்கிறார்கள். இதன் 7ஆம் பிரிவை ஒருமுறை படித்தால் உற்சாகம் கொஞ்சம் குறையும். வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கங்களுக்காகவும், ஊழியர் கேட்டுப் பெறும் சேவை அல்லது சலுகைக்காகவும், தனியாகச் சம்மதம் வாங்காமலே ஊழியரின் தரவை நிறுவனம் கையாள அது இடம் தருகிறது. கோச்சிங் அப்படிப்பட்ட ஒரு சலுகைதான் என்று நிறுவனம் வாதாடலாம். தன் தரவைப் பார்க்கவும் அழிக்கவும் கேட்கும் உரிமைகளோ, சம்மதம் கொடுத்துத் தந்த தரவோடு பிணைக்கப்பட்டவை. அதனால் செயலியில் நீங்களே "ஒப்புக்கொள்கிறேன்" என்று டிக் அடித்த தளத்திடம் உங்கள் பிடி வலுவாக இருக்கும். நிறுவனத்திடம் அந்த அளவுக்கு இருக்காது. இன்னொரு விஷயம், விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு அறிவிக்கை 18 மாத அவகாசம் தந்திருக்கிறது.

ஒரு முரணையும் இங்கே குறிப்பிட வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2011 விதிகள் உடல்நிலை, மனநிலை, பாலியல் சார்பு ஆகியவற்றை நுண்ணிய தரவு என்று தனியாக வகைப்படுத்தின. புதிய சட்டத்தில் அந்தத் தனி வகையே இல்லை. உங்கள் மனச்சோர்வும் உங்கள் மின்னஞ்சல் முகவரியும் அதற்கு ஒரே "தனிநபர் தரவு".

தகவல் கசியும் வழிகள்

கோச் நேராக ஹெச்.ஆர். அறைக்குப் போய் ஒன்றுவிடாமல் ஒப்பிக்கும் காட்சியைக் கற்பனை செய்துதான் பலர் பயப்படுகிறார்கள். அது அபூர்வம். தகவல் வேறு வழிகளில் போகிறது.

1. மூவர் கூட்டம். கோச்சிங் தொடக்கத்திலும் முடிவிலும் ஊழியர், மேலாளர், கோச் மூவரும் சேர்ந்து உட்காரும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இலக்கு என்ன, எவ்வளவு முன்னேற்றம் என்று பேசுவார்கள். ஒரு டீம் லீடை எடுத்துக்கொள்வோம். கணவரைப் பிரிந்து வாழத் தொடங்கியிருக்கிறார், அதைக் கோச்சிடம் சொல்லியிருக்கிறார். கடைசிக் கூட்டத்தில் மேலாளர் கேட்கிறார்: "டெலிவரி எல்லாம் ஓகே. ஆனா கிளையன்ட் கால்ல முன்ன மாதிரி பேசறதில்லையே, ஏன்?" டீம் லீட் பதில் தேடுவதற்குள் கோச் குறுக்கிட்டு உதவுகிறார்: "அதைப் பத்தி நாங்க பேசியிருக்கோம் சார். இப்ப அவங்களுக்குக் கொஞ்சம் கஷ்டமான நேரம். டைம் குடுத்தா சரியாகிடும்."

ஒரு விவரம்கூட வெளியே வரவில்லை. நெறிமுறை எதுவும் மீறப்படவில்லை. இரண்டு மாதம் கழித்து, லண்டனுக்குப் போய் வேலை பார்க்கும் ஆன்சைட் வாய்ப்பு வருகிறது. பட்டியல் போடும் மேலாளர், "அவங்களுக்கு இப்ப வேணாம், பாவம், வீட்ல ஏதோ பிரச்சினை போல" என்று அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. இரக்கத்தால் வரும் இந்த நஷ்டத்துக்கு எதிராக யாரிடமும் புகார் கொடுக்க முடியாது. பெண் ஊழியர்கள் விஷயத்தில் இந்தப் "பாவம்" இன்னும் தாராளமாகச் செலவாகும் என்பது அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும்.

2. தொகுப்பு அறிக்கை. தளங்கள் தனிநபர் பெயரைச் சொல்லாமல் "இந்தக் காலாண்டில் அதிகம் பேசப்பட்டவை: பணிச்சுமை, குடும்பப் பொறுப்பு, தன்னம்பிக்கை" என்ற மாதிரி மொத்தக் கணக்கு தருவது உண்டு. ஆயிரம் பேர் சேர்ந்த கணக்கில் நீங்கள் தெரியமாட்டீர்கள். எட்டுப் பேர் பயன்படுத்திய பிரிவில், போன மாதம்தான் அப்பாவுக்காக இரண்டு வாரம் விடுப்பு எடுத்தவர் நீங்கள் என்றால், பெயர் எதற்கு? எத்தனை பேருக்குக் குறைவாக இருந்தால் பிரிவுவாரி அறிக்கை தரமாட்டார்கள் என்ற வரம்பு இருக்கிறதா என்பது இங்கே முக்கியமான கேள்வி.

3. அலுவலகக் கருவிகள். இதைத்தான் மக்கள் அதிகம் கவனிக்காமல் விடுகிறார்கள். அமர்வு நடப்பது அலுவலக லேப்டாப்பில், அலுவலக டீம்ஸ் கணக்கில். காலண்டரில் "கோச்சிங் – 3" என்று ஒரு கட்டம், பலருடைய பார்வைக்கும் திறந்து கிடக்கிறது. கூட்டத்தில் தானாக நுழைந்து குறிப்பெடுக்கும் ஏ.ஐ. உதவியாளர் இயங்கிக்கொண்டிருந்தால் நீங்கள் அழுதபடி சொன்ன வாக்கியமும் எழுத்தாகிவிடும். "செயல்பட வேண்டியவை" என்ற தலைப்பில் அழகாகச் சுருக்கியும் வரும். அந்தப் பதிவு தங்குவது நிறுவனத்தின் சேமிப்பில். விசாரணையோ வழக்கோ வந்தால் ஊழியர் கணக்குகளின் மின்னஞ்சல், அரட்டை, பதிவுகளைத் தேடி எடுக்கும் வசதி நிர்வாகத்துக்கு உண்டு. கோச் வாயைத் திறக்காமலே எல்லாம் கிடைத்துவிடும்.

4. தளத்தின் பின்கதவு. அமெரிக்காவின் பெட்டர்ஹெல்ப் ஆன்லைன் மனநல ஆலோசனைத் தளம். பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும், சேரும்போது கேட்கப்பட்ட உடல்நலக் கேள்விகள் தொடர்பான தகவலையும் விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுடன் பகிர்ந்தது என்று அந்நாட்டின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023இல் குற்றம் சாட்டியது. 78 லட்சம் டாலர் கட்டி விவகாரம் முடித்துக்கொள்ளப்பட்டது. தனி ஆலோசகர்கள் ரகசியம் காத்திருக்கலாம். தகவல் போனது பதிவுப் படிவம் வழியாக.

5. உள் கோச்சின் இரட்டை வேலை. அவரே அடுத்த மாதம் பதவி உயர்வுக் குழுவில் உட்காரலாம். கேட்டதை மறந்துவிட்டு மதிப்பெண் போட யாராலும் முடியாது.

தொண்ணூறு ஆண்டுக்கு முந்தைய ஓர் ஒத்திகை

கம்பெனி செலவில் மனசைக் கொட்ட ஆள் வைப்பது ஒன்றும் புதிதல்ல. சிகாகோவை ஒட்டிய ஹாதார்ன் ஆலையில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் 1936இல் இப்படி ஒரு திட்டம் தொடங்கியது. ஆலோசகர்கள் தொழிலாளர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பேச்சுக் கொடுப்பார்கள். அறிவுரை சொல்லமாட்டார்கள், மேற்பார்வையாளரிடம் எதையும் சொல்லமாட்டார்கள். பொறுமையாகக் கேட்பது மட்டும்தான் வேலை. 1956 வரை அது நடந்தது.

அங்கே ரகசியம் உடைந்தது என்று யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. விமர்சனம் வேறு பக்கமிருந்து வந்தது. கூலி, வேலை வேகம், மேஸ்திரியின் கெடுபிடி என்று வந்த தொழிலாளர், பேசிப் பேசி அது தன் மனநிலைப் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போகிறார். சங்கத்துக்குப் போக வேண்டிய குறை ஆலோசகரிடமே ஆவியாகிவிடுகிறது என்று அந்தத் திட்டத்தை ஆராய்ந்த சமூகவியலாளர்கள் எழுதினார்கள்.

இன்றைய கோச்சிங்கிலும் இந்த ஆபத்து அப்படியே இருக்கிறது. என்னைக் கேட்டால் ரகசியக் கசிவைவிட இதுவே பெரியது. நாலு பேர் வேலையை இரண்டு பேர் செய்வதால் வரும் சோர்வுக்கு "எல்லைகளை வகுத்துக்கொள்வது எப்படி" என்று ஆறு அமர்வு நடக்கும். சோர்வுக்கான காரணம் ஆள் பற்றாக்குறை என்று எந்த அறிக்கையிலும் ஏறாது. தனிப்பட்ட பிரச்சினை என்று நீங்கள் கோச்சிடம் கொண்டுபோவது உண்மையிலேயே தனிப்பட்டதுதானா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

எதைச் சொல்லலாம்?

ஒன்றுமே சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் கோச்சிங் வீண். கூட்டத்தில் பேசத் தயக்கம், தன் மேல் நம்பிக்கையின்மை, டெக்னிக்கல் பக்கமே இருப்பதா மேலாளர் ஆவதா என்ற குழப்பம், சக ஊழியருடன் உரசல், குழந்தையை விட்டுவிட்டு வரும் குற்ற உணர்வு இவையெல்லாம் தாராளமாகப் பேசலாம். வெளியே தெரிந்தாலும் பெரிய சேதம் இல்லை.

சேதம் வரக்கூடியவற்றில் ஒரு எளிய முறை உண்டு. விளைவைச் சொல்லுங்கள், காரணத்தை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அடுத்த சில மாதத்துக்கு என்னால் கால் எடுக்க முடியாது. இதை மேலாளரிடம் எப்படிப் பேசுவது?" என்பது கோச்சுக்குப் போதும். அந்த ஆறு மணிக்குப் பின்னால் இருப்பது டயாலிசிஸா, வக்கீல் அலுவலகமா, சைக்கியாட்ரிஸ்டா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டியதில்லை. நல்ல கோச் அதைத் தோண்டவும் மாட்டார்.

கீழே உள்ளவற்றுக்கு வேறு கதவு தட்ட வேண்டும்.

1. மனநோய் விவரம், மருந்து, தற்கொலை எண்ணம். கோச்சுக்கு இதில் பயிற்சியும் இல்லை, சட்டக் காப்பும் இல்லை. அவசரம் என்றால் 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் மனநல உதவி இலவச எண் 14416, தமிழிலும் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பும் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் எதிரே இருப்பவர் கோச் மட்டும்தான் என்றால், ரகசியக் கணக்கையெல்லாம் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அவரிடமே சொல்லிவிடுங்கள்.

2. பாலியல் துன்புறுத்தல். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகார் நிறுவனத்தின் உள்ளகப் புகார்க் குழுவுக்கு எழுத்தில் போக வேண்டும், சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம்வரை நீட்டிக்கலாம். கோச்சிடம் சொன்னது புகார் ஆகாது. "பொறுமையா யோசிச்சு முடிவெடுங்க" என்று அவர் நல்லெண்ணத்தோடு சொல்லி நாலு அமர்வு ஓடுவதற்குள் கெடு முடிந்துவிடும்.

3. வேலை தேடுவது, கனடா பி.ஆர். என்ற நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பம், குழந்தைத் திட்டம். இவற்றில் எதுவும் குற்றமில்லை. ஆனால் அடுத்த ஆண்டு இருப்பீர்களா என்று நிறுவனம் போடும் கணக்கை இவை ஒவ்வொன்றும் மாற்றும்.

4. பக்க வருமானம். 2022 செப்டம்பரில் போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்த 300 பேரை நீக்கியதாக விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி பகிரங்கமாகவே சொன்னார். வேலை ஒப்பந்தத்தை மீறும் எதையும் அதே நிறுவனம் பணம் கொடுக்கும் ஆளிடம் சொல்லி ஆலோசனை கேட்பது புத்திசாலித்தனம் அல்ல.

5. வழக்கு விவரங்கள். வழக்கறிஞரிடம் மட்டும். சட்டம் முழுசாகக் கதவைச் சாத்தித் தரும் வெகுசில இடங்களில் அது ஒன்று.

வேலை போனபின் நிறுவனம் சில மாதத்துக்கு ஏற்பாடு செய்து தரும் கோச் விஷயம் கொஞ்சம் வேறு. அங்கே அப்ரைசல் பயம் இல்லை. இறுதித் தொகைக்கான பேச்சுவார்த்தை முடிந்து கையெழுத்தாகும்வரை மட்டும், கையில் எவ்வளவு சேமிப்பு இருக்கிறது, எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்க முடியும் என்பதைச் சொல்லாமல் இருங்கள்.

முதல் அமர்விலேயே கேட்க வேண்டியவை

இவற்றைக் கேட்டால் கோச் கோபித்துக்கொள்ளமாட்டார். அவர் தொழிலில் இது வழக்கமான முதல் பேச்சு.

1. எனக்கு ஏன் கோச்சிங் தரப்பட்டது? எல்லோருக்கும் தரும் சலுகையா, மேலாளர் பரிந்துரையா, பி.ஐ.பி. என்ற செயல்திறன் திருத்தத் திட்டத்தின் பகுதியா? கடைசியாகச் சொன்னது என்றால் அமர்வுகள் வேலை நீக்கத்துக்கான ஆவணத்தில் இடம்பெறக்கூடும். அங்கே வீட்டு விஷயம் வேண்டவே வேண்டாம்.

2. நிறுவனத்துக்கு என்ன போகிறது? வருகைப் பதிவு மட்டுமா, தலைப்புகளா, உங்கள் மதிப்பீடா?

3. குறிப்பு எழுதுகிறீர்களா? எங்கே இருக்கும், எப்போது அழியும்?

4. மூவர் கூட்டம் உண்டா? அதில் நீங்கள் என்னைப் பற்றிச் சொல்லப்போவதை முன்கூட்டி எனக்குக் காட்டுவீர்களா? மேலே பார்த்த டீம் லீடின் சிக்கலை இந்த ஒரு கேள்வி பெரும்பாலும் தடுத்திருக்கும். "முன்னேற்றத்தை அவங்களே சொல்வாங்க" என்று ஒதுங்கிக்கொள்ளும் கோச் தன் வேலை தெரிந்தவர்.

5. எந்த அமைப்பின் நெறிமுறைக்குக் கட்டுப்பட்டவர்?

வாய்மொழிப் பதிலோடு நிற்காமல், "இன்று பேசியபடி" என்று தொடங்கி நாலு வரி மின்னஞ்சல் போட்டு வைத்தால் பின்னால் உதவும். அமர்வுக்குச் சொந்த போன், சொந்த இணைப்பு போதுமா என்றும் கேட்டுவிடுங்கள். பல தளங்களில் முடியும்.

ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது என்றால்

பதற வேண்டாம். பெரும்பாலான நேரம் ஒன்றும் ஆகாது. செய்யக்கூடியவை சில உண்டு.

முதலில் கோச்சிடமே நேராகச் சொல்லுங்கள்: "போன தடவை என் குடும்ப விஷயம் பேசினேன். அது குறிப்பில் இருக்கிறதா? இருந்தால் எடுத்துவிட முடியுமா? மூவர் கூட்டத்தில் அதைப் பற்றி மறைமுகமாகக்கூட வர வேண்டாம்." இப்படிக் கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அமர்வு பதிவாகியிருந்தால், அதன் உரிமையாளர் யார் என்று பாருங்கள். கூட்ட அழைப்பை அனுப்பியவர் நீங்கள் என்றால் பதிவையும் ஏ.ஐ. குறிப்பையும் நீங்களே அழிக்க வாய்ப்பு இருக்கிறது. நிறுவனத்தின் சேமிப்புக் கொள்கையைப் பொறுத்துப் பின்னணியில் ஒரு பிரதி தங்கலாம். ஏற்கெனவே விசாரணையோ வழக்கோ நடந்துகொண்டிருந்தால் எதையும் அழிக்கக்கூடாது. அது தனிப் பிரச்சினையைக் கிளப்பும். அப்போது முதலில் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

வெளித் தளம் என்றால் அதன் தனியுரிமைக் கொள்கையில் குறைதீர்ப்பு முகவரி இருக்கும். என் கணக்கில் என்னென்ன தரவு உள்ளது, என் நிறுவனத்துக்கு இதுவரை என்ன அனுப்பப்பட்டது என்று இரண்டு கேள்வி மட்டும் எழுதி அனுப்புங்கள். தளம் ஐரோப்பாவில் பதிவானது என்றால் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.டி.பி.ஆர். என்ற தரவுப் பாதுகாப்பு விதிகளையும் குறிப்பிட்டு எழுதுங்கள். அவை 2018 மே முதல் நடைமுறையில் இருப்பதால் இத்தகைய கடிதங்களுக்குப் பதில் எழுதிப் பழகியவர்கள் அங்கே இருப்பார்கள்.